கையெழுத்து விழாத சான்றிதழ்

சேலம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சண்முகம்,

தீபாவளிக்கு நீ கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா இன்னும் எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. திருப்பித் தராததற்கும், இத்தனை மாதம் மூச்சு விடாமல் இருந்ததற்கும் சேர்த்துத் திட்டிக்கொள். போன் பண்ணலாம்தான். ஆனால் ஐந்தாவது நிமிடம் நீ பாக்கியம் மெஸ் கணக்கை எடுத்துவிடுவாய், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும்.

அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். பையன் பெங்களூரில் வாடகையைப் பார்த்துப் புலம்புகிறான். அவ்வளவுதான் வீட்டுச் செய்தி.

ஒரு கம்பெனியோடு எங்கள் எம்பிஏ துறை ஒப்பந்தம் போட்டதைச் சொல்லியிருந்தேன் அல்லவா? பேனர், பொக்கே, சால்வை, ஆளுக்கொரு பேனா, கேமராவுக்காக இரண்டாம் தடவை கைகுலுக்கல். போட்டோவில் ஓரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது நான்தான். இந்த மாதிரி ஒப்பந்தங்கள் எங்கள் அலமாரியில் ஏற்கெனவே நிறைய உண்டு. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் குழு வந்தபோது தூசி தட்டி மேஜைக்கு வந்தன, குழு போனதும் அலமாரிக்குப் போயின. ஆனால் இந்தக் கம்பெனி உண்மையாகவே செய்தது. கம்ப்யூட்டர் லேப் போட்டுக் கொடுத்தார்கள், மேனேஜர்கள் வந்து வகுப்பெடுத்தார்கள், பிள்ளைகளை இன்டர்ன்ஷிப்புக்கு எடுத்தார்கள். நானும் ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

இந்த வருஷம் அங்கே ப்ராஜெக்ட் செய்ய இரண்டு பெண்கள் போனார்கள். தலைப்பு, சப்ளையர்களுக்குப் பணம் பட்டுவாடா ஆகும் முறை. கம்பெனி கொடுத்த எக்செல் கணக்கில் எல்லா பில்லும் 45 நாளுக்குள் அடைந்திருந்தது. வேறு யாராவது என்றால் அதை வைத்து நாலு கலர் படம் போட்டு முடித்திருப்பார்கள். அதில் ஒருத்தி ஈரோட்டுக்காரி, அப்பா தறி வைத்திருப்பவர். அவள் நேராக செக்யூரிட்டியிடம் போய் கேட் ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கியிருக்கிறாள்!

சரக்கு கேட்டுக்குள் வந்த தேதி ஒன்று, இன்ஸ்பெக்ஷன் முடிந்ததாகப் பதிவான தேதி ஒன்று. நடுவில் சில சரக்குகள் ஒரு மாதத்துக்கு மேல் யார்டில் கிடந்திருக்கின்றன. 45 நாளை இரண்டாவது தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். 2006ஆம் ஆண்டு குறு, சிறு தொழில் சட்டப்படி சரக்கு கைக்கு வந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் வந்த அன்றே ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம். கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. பட்டறை நடத்துகிற நீ இதைப் படித்துவிட்டு, உனக்குப் பாக்கி வைத்திருக்கும் எந்தப் பார்ட்டியை நினைத்துப் பல்லைக் கடிப்பாய் என்று எனக்குத் தெரியும். பணம் வருகிறதோ இல்லையோ, ஜிஎஸ்டியை மட்டும் நீ கட்டியாக வேண்டும்.

ரிப்போர்ட் போனது. கம்பெனி கைடு சான்றிதழில் கையெழுத்துப் போடவில்லை. 'இது ப்ராஜெக்ட் எல்லைக்குள் வராது' என்றார். மறுநாள் எங்கள் மேலிடத்திலிருந்து எனக்குப் போன்: 'பிளேஸ்மென்ட் சீசன் வருகிறது, பார்த்துச் செய்யுங்கள்.'

சண்முகம், நான் பார்த்துச் செய்துவிட்டேன். அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, 'இன்ஸ்பெக்ஷனை விரைவுபடுத்தலாம்' என்று ஒரு வரி பரிந்துரை போடச் சொன்னேன். ஈரோட்டுப் பெண் அழவில்லை, சண்டையும் போடவில்லை. 'சரிங்க சார், அப்போ கேட் ரெஜிஸ்டர் போட்டோ எல்லாம் டெலீட் பண்ணிடவா?' என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. கையெழுத்து வந்துவிட்டது, மார்க்கும் போட்டாயிற்று.

இதெல்லாம் புதுசா என்று என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன். 1881இல் ஜோசப் வார்ட்டன் 1 லட்சம் டாலர் கொடுத்துத்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், அமெரிக்காவின் முதல் பல்கலைக்கழக வணிகப் பள்ளி வந்தது. மனிதர் நிக்கல் வியாபாரி. உள்நாட்டுத் தொழிலை இறக்குமதி வரி போட்டுக் காக்க வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதையும் நன்கொடையோடு சேர்த்தே எழுதி வைத்தார். ஹார்வர்டுக்காரர்கள் ஒரு கம்பெனிக்குள் போய்க் கேஸ், அதாவது வகுப்பில் அலசுவதற்கான அந்தக் கம்பெனியின் கதை, எழுதினாலும், கம்பெனி ஒப்புதல் தந்தால்தான் அது வகுப்புக்கு வரும். நம் பிள்ளைகள் படிக்கிற கேஸ்களில் முதலாளிகள் எல்லாரும் ஏன் இவ்வளவு நல்லவர்களாக இருக்கிறார்கள் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

ஆனால் ஹாத்தார்ன் ஆலை ஆய்வையும் நான்தானே வருஷா வருஷம் வகுப்பில் நடத்துகிறேன்! 1924இல் சிகாகோ பக்கம் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலைக்குள் ஆராய்ச்சிக்காரர்கள் போனது, வெளிச்சம் கூடினால் வேலையும் கூடுமா என்று பார்க்க. எதிர்பார்த்த விடை வரவில்லை. அதற்காகக் கம்பெனி கதவைச் சாத்தவில்லை. 1928இல் ஹார்வர்டின் எல்டன் மேயோவும் சேர்ந்துகொள்ள, வேலை 1932 வரை ஓடியது. அங்கேயும் ஆயிரம் குறை சொல்லலாம். இருந்தாலும் பிடிக்காத விடை வந்த பிறகும் ஆளை உள்ளே விட்டார்கள். எங்கள் ஒப்பந்தத்தில் லோகோ எந்த அளவில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது, ரகசியம் காப்பது பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. விடை பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. அதை வரிவரியாகப் படித்து ஓகே சொன்ன மகான் நான்தான்.

நீ சிரிப்பது கேட்கிறது. 'சாண்ட்விச் கோர்ஸில் காலையில் லேத், மத்தியானம் கிளாஸ் என்று கிடந்தோமே, அங்கே யார்டா ஒப்பந்தம் போட்டது' என்பாய். உண்மைதான். பீஸ் தப்பாக வந்தால் ஃபோர்மேன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் போடுவார், அதற்கு யாரும் ரிப்போர்ட் மாற்றி எழுதவில்லை. லேத்தின் சக் சாவி விஷயத்தில் மட்டும் உன் ரிப்போர்ட்டை யார் மாற்றினார்கள் என்று நான் இப்போது ஆரம்பிக்கப்போவதில்லை.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அடுத்த செமஸ்டரில் இரண்டு பிள்ளைகளை உன் பட்டறைக்கு அனுப்பட்டுமா? பேனர் கிடையாது, சால்வை கிடையாது. மதியச் சாப்பாடு மட்டும் உன் செலவு. விற்பனைக் கணக்கு, வர வேண்டிய பாக்கி எல்லாவற்றையும் அவர்களுக்குத் திறந்து காட்ட வேண்டும். இந்தத் தடவை அவர்கள் என்ன எழுதினாலும் கையெழுத்துப் போடுவேன் என்று நீ முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

சட்டென்று 'சரி' என்று சொல்லிவிடாதே. அவர்கள் உன் கொள்முதல் கணக்கையும் கேட்பார்கள். கணபதிப் பகுதியில் உனக்குப் பிளேட்டிங், அதான் உலோகப் பூச்சு, போட்டுத் தருகிறாரே, அவருக்கு நீ எத்தனை நாளில் பணம் கொடுக்கிறாய்?

சனிக்கிழமை மத்தியானம் பட்டறையில் இருப்பாய் என்றால் வருகிறேன். டப்பாவும் வரும், காலியாகத்தான்.

உன்,
ராமு