அப்பா வழியில் வந்தது

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் பேத்தியின் காதணி விழாவுக்கு நான் ஏன் ஈப்போவுக்கு வரவில்லை என்று கேட்டிருந்தாய். அந்த வாரத்தில்தான் என் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அறுவைச் சிகிச்சையில் எடுத்தார்கள். பயப்படாதே, எனக்குப் புற்றுநோய் இல்லை. எடுத்த திசுவைச் சோதித்ததிலும் ஒன்றும் இல்லை. வராமல் தடுக்கத்தான் இந்தச் சிகிச்சை. தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

தங்கை வசந்திக்குச் சினைப்பைப் புற்றுநோய் வந்தது உனக்குத் தெரியும். அவளுக்கு மரபணுச் சோதனையும் செய்தார்கள். பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் கேடான மாற்றம் ஒன்று இருப்பதாக முடிவு வந்தது. உடன்பிறந்தவள் என்பதால் எனக்கும் அது இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று சொல்லி, மரபணு ஆலோசகரைப் பார்க்க அனுப்பினார்கள்.

அவர் என் மகள் வயதுச் சீனப் பெண். ஒரு வெள்ளைத் தாளில் பெண்களுக்கு வட்டமும் ஆண்களுக்குச் சதுரமும் போட்டு, இறந்தவர்மேல் சாய்கோடு இழுத்து, புற்றுநோய் கண்டவர்களின் வட்டத்தை மையால் நிரப்பிக்கொண்டே வந்தார். அம்மா வழியில் எல்லா வட்டங்களும் வெறுமையாகவே இருந்தன. "அப்பா வழியில்?" என்று கேட்டார். இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை, எல்லாரும் "அம்மாவுக்கு இருந்ததா?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். பெரிய அத்தை 46 வயதில் "வயிற்றில் கட்டி" வந்து போய்ச் சேர்ந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். சின்ன அத்தையைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, குளித்துவிட்டு வந்த அவர் ரவிக்கையின் இடப்பக்கத்தில் மடித்த வெள்ளைத் துணியை வைத்துச் சரிசெய்ததையும், கதவருகே என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அறையில் முதன்முதலாக அதை வாய்விட்டுச் சொன்னேன். அவர் இரண்டு வட்டங்களையும் மையால் நிரப்பினார்.

என் சோதனை முடிவும் வசந்தியுடையதைப் போலவே வந்தது. பிறகு சின்ன அத்தையின் மகளுக்கும் அதே மாற்றம் இருப்பது தெரிந்ததும், ஆலோசகர் அப்பாவின் சதுரத்துக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்தார். 83 வயதுவரை ஒரு நோயும் இல்லாமல் இருந்த அப்பா, தனக்கே தெரியாமல் அதைச் சுமந்திருக்கிறார்.

இந்த மரபணு எல்லாருக்கும் உண்டு, மல்லிகா. உயிரணுவுக்குள் டிஎன்ஏ இழை அறுந்துபோனால் அதைப் பிழையில்லாமல் ஒட்டுவதில் அதற்குப் பங்குண்டு. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகள் வருகின்றன. ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்து, ஏதோ ஓர் உயிரணுவில் மற்றதும் கெட்டுவிட்டால், பிழைகள் திருத்தப்படாமல் சேர்கின்றன. 1990இல் மேரி-கிளேர் கிங் என்ற அமெரிக்க அறிவியலாளர் இது 17ஆம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டியதும், தலைமுறை தலைமுறையாக மார்பகப் புற்றுநோய் வந்த குடும்பங்களை ஆராய்ந்துதான். மரபணுவை 1994இல் பிரித்தறிந்தார்கள். இதைப் போன்ற இன்னொரு மரபணுவான பிஆர்சிஏ2 அதற்கு அடுத்த ஆண்டு கிடைத்தது.

பிஆர்சிஏ1 மாற்றம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய 72 பேருக்கு மார்பகப் புற்றுநோயும் 44 பேருக்குச் சினைப்பைப் புற்றுநோயும் வரலாம் என்று 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. மார்பகத்தையாவது ஆண்டுதோறும் எம்ஆர்ஐ ஸ்கேனும் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் எடுத்துக் கண்காணிக்கலாம். நான் அந்த வழியைத்தான் தேர்ந்துகொண்டேன். சினைப்பைக்கு அப்படி நம்பத்தக்க முன்கூட்டிய சோதனை ஏதும் இல்லை. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இருந்தும், அவற்றால் உயிரிழப்பு குறைந்ததாக நிறுவப்படவில்லை. வசந்திக்கும் வயிறு உப்புசம் என்றுதான் தொடங்கியது; மூன்று மாதம் ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். இவ்வகைப் புற்றுநோய்களில் பல உண்மையில் கருக்குழாயின் நுனியில்தான் முளைக்கின்றன என்று இப்போது அறிந்திருப்பதால், குழாய்களையும் சேர்த்தே எடுக்கிறார்கள். பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு 35 முதல் 40 வயதுக்குள், பிள்ளைப்பேறு முடிந்ததும், இதைச் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். எனக்கு 54. பெரிய அத்தையின் "கட்டி"க்கு உரிய பெயரை வீட்டில் சொல்லியிருந்தால், வசந்திக்கு இந்தத் துன்பம் வராமலே இருந்திருக்கலாம். அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

அவள் இப்போது ஒலாபரிப் மாத்திரை சாப்பிடுகிறாள். டிஎன்ஏவைச் சரிசெய்யும் ஒரு வழியை ஏற்கெனவே இழந்துவிட்ட புற்றணுவுக்கு, இன்னொரு வழியையும் அடைத்துவிடும் மருந்து அது. உடம்பு தேறி வருகிறாள்.

2013இல் ஆஞ்சலினா ஜோலி இதே காரணத்துக்காக மார்பகங்களை எடுத்துக்கொண்டார் என்ற செய்தி வந்தபோது, "பணம் இருப்பவர்களுக்கு வரும் பயம்" என்று உன்னிடம் சொன்னேன். அப்படிச் சொன்னதற்காக இன்று வருந்துகிறேன்.

மகன் "இது பெண்கள் நோய்தானே" என்றான். அவன் தாத்தாவின் புள்ளியைக் காட்டினேன்; மறுவாரமே சோதனைக்குப் போய்விட்டான். மகள் இன்னும் யோசிக்கிறாள். அவளை வற்புறுத்தக்கூடாது என்று ஆலோசகர் சொன்னதை மதிக்கிறேன். வரன் பார்க்கும் நேரத்தில் எதற்கு என்று என் நாத்தனார் சொன்னார். நம் குடும்பங்களில் இந்தப் பேச்சுத்தான் இரண்டு தலைமுறைகளின் வாயைக் கட்டியிருக்கிறது. காப்பீட்டுக்குப் பாதகம் வருமோ என்று மகள் கேட்டாள். சோதனை செய்துகொள்ளும்படி காப்பீட்டு நிறுவனங்கள் கட்டாயப்படுத்தக்கூடாது என்றும், பெருந்தொகைக்கான சில காப்பீடுகளைத் தவிர மற்றவற்றில் முடிவைப் பயன்படுத்தக்கூடாது என்றும் 2021 முதல் இங்கே ஏற்பாடு இருக்கிறது.

இனி உன் விஷயம். உன் அக்கா மார்பகப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 39. அந்த வயதில் வந்தாலே குடும்பத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்பது அன்று நம் இருவருக்கும் தெரியாது. நீ மருத்துவரிடம் போ. ஒன்றை மட்டும் முன்பே தெரிந்துகொள்: சில நேரங்களில் "பொருள் தெளிவாகாத மாற்றம்" என்று முடிவு வரும். பழைய தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களிடம் எடுத்தவை என்பதால் ஆசியர்களுக்கு அது கூடுதலாகவே வருகிறது. அதைக் கண்டு கலங்கவும் வேண்டாம், அதை வைத்து அறுவைச் சிகிச்சைக்குப் போகவும் வேண்டாம்.

தைப்பிங்கில் உன் அத்தை இருக்கும்போதே போய்க் கேட்டுவிடு. உன் அப்பா வழியில் யாருக்கு வந்தது, எந்த வயதில், உடம்பில் எந்த இடத்தில்: இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வை. "கட்டி" என்று சொன்னால் எங்கே கட்டி என்று கேள். சித்திரைப் பிறப்புக்கு வசந்தியும் நானும் ஈப்போ வருகிறோம். வட்டமும் சதுரமும் அப்போது சேர்ந்து உட்கார்ந்து போடுவோம்.

அன்புடன்,
கமலா