மோட்டாரை மீண்டும் ஓடவைத்த அண்ணனுக்கு நன்றி

பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்ட அந்த அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. என் மின்சார சைக்கிள் நடுவழியில் இழுக்காமல் போனது. திரையில் பேட்டரி நிறைய இருந்தது. மிதித்தாலும் த்ராட்டிலைத் திருகினாலும் மோட்டார் அசையவில்லை. நின்று விசாரித்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் முதலில் பார்த்தது பிரேக் லீவரை. பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்த அதற்குள் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. லீவர் முழுதாகத் திரும்பாவிட்டால், பிரேக் பிடித்தபடியே இருப்பதாக, மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும். இடது லீவர் வயரின் கனெக்டரை உருவிவிட்டு, பின்சக்கரத்தைத் தூக்கித் த்ராட்டிலைத் திருகினார், மோட்டார் சுற்றியது! அப்புறம் லீவர் மூட்டில் அப்பியிருந்த மண்ணைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அது டக்கென்று திரும்புகிறதா என்று பார்த்த பிறகே கனெக்டரை மறுபடி மாட்டினார். “இதைக் கழற்றிவிட்டு ஓட்டாதீங்க தம்பி, பிரேக் பிடிக்கும்போதும் மோட்டார் தள்ளும்” என்றார். வேலை முடிந்தால் போதும் என்று விடாத அந்த அக்கறைதான் எனக்குப் பெரிது.

வாரக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதென்றால் பேட்டரியில் பாதியளவு சார்ஜ் இருக்கட்டும் என்றும் சொன்னார். அப்படியே செய்கிறேன். நல்லா இருங்க அண்ணா.