கைக்குத் தண்ணீர் வார்க்கக் கற்றுத்தந்தவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயாவுக்கும் போதகர் அம்மாவுக்கும் எங்கள் சபையாருக்கும் அயலவர் எல்லோருக்கும்,

வரும் வாரம் பிலிமத்தலாவையில் உள்ள இலங்கை இறையியல் கல்லூரிக்குப் புறப்படுகிறேன். 1963இலிருந்து சிங்களத்திலும் தமிழிலும் திருச்சபை ஊழியர்களைப் பயிற்றுவித்து வரும் இடம் அது. எனக்கு இடம் கிடைத்த செய்தி பரவியதிலிருந்து, வழியில் காண்பவர்கள் எல்லோரும் "பிள்ளை கெட்டிக்காரி" என்று வாழ்த்துகிறார்கள். அந்த வாழ்த்தைப் பெறவேண்டியவர்கள் வேறு பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த மடல்.

ஊழியத்துக்குப் போக விரும்புகிறேன் என்று சொன்னதும், போதகர் ஐயா என்னைச் சனிக்கிழமை பின்னேரம் ஆலயத்துக்கு வரச் சொன்னார். நான் போனபோது அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கிணற்றடியில் திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணியொன்றை என்னிடம் நீட்டினார். ஒவ்வொரு கிண்ணத்தையும் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தட்டின் குழிகளில் வைத்தோம். பாதி அடுக்கியதும் ஒரு வரிசையைக் காட்டி, "இவற்றை அரைவாசிதான் நிரப்ப வேண்டும். முன் வாங்கில் இருக்கும் வாத்தியாருக்குக் கை நடுங்கும். நிறைந்த கிண்ணத்தைக் கண்டால் சிந்திவிடுமோ என்று பயந்து எழும்பி வரமாட்டார்" என்றார்.

மேய்ப்பன் தன் ஆடுகளை அறிந்திருக்க வேண்டும் என்று எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். அந்த அறிவு எங்கே கிடைக்கிறது என்பதை அந்த அரைக் கிண்ணம்தான் எனக்குக் காட்டியது. அதன் பிறகு கதிரை அடுக்கினேன், தும்புத்தடியால் மண்டபம் கூட்டினேன், மரணவீடுகளில் தேநீர் பரிமாறினேன். எந்த வேலைக்கும் ஐயா என்னைத் தனியே அனுப்பியதில்லை. முதலில் தாம் செய்தார், பிறகு கூட நின்றார், அதன் பிறகே என்னிடம் விட்டார்.

இஸ்ரவேல், யூதா, ஏதோம் ராஜாக்கள் தண்ணீரில்லாத வனாந்தரத்தில் தவித்து, ஒரு தீர்க்கதரிசியைத் தேடும் சம்பவம் இரண்டாம் இராஜாக்கள் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒரு வேலைக்காரன் எலிசாவை அறிமுகப்படுத்துகிறான். எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவன் என்பதே எலிசாவைப் பற்றி அவன் சொல்லும் தகுதி. ஐயா எனக்கு முதன்முதலில் விளங்கப்படுத்திய வேதபகுதி அது. கல்லூரியில் எத்தனை வியாக்கியானங்கள் படித்தாலும் எனக்கு அதன் விளக்கம் அவர்தான்.

மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு அவருடன் போய்வந்த நாட்களையும் நான் மறக்க மாட்டேன். 1847இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்ததை ஐயா நடந்துகொண்டே சொல்வார். தமக்குத் தெரிந்ததைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுப் போன மனிதர் என்று அவரைப் பற்றிச் சொல்லும்போது ஐயாவின் குரலில் ஒரு பெருமை தெரியும். அங்கே நோயாளர் விடுதியில் ஒரு தாத்தா இருந்தார். அவருடைய பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். ஐயா கட்டிலோரம் அமர்ந்து முதலில் அவருடைய நகங்களை வெட்டிவிட்டார், தலையணையைச் சரிசெய்தார், கனடாவில் இருக்கும் மகனின் தொலைபேசி எண்ணை என் கொப்பியில் எழுத வைத்தார். ஜெபம் கடைசியில்தான் வந்தது, மிகச் சுருக்கமாக. தாத்தா என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிறு பாடசாலை ரீச்சருக்கு என்ன சொல்லி நன்றி கூறுவது? 1995 ஒக்டோபரில் யுத்தத்தால் வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, தங்கிய வளவில் ஒரு மாமரத்தின் கீழ் பிள்ளைகளை இருத்திப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பிள்ளைகள் பயந்திருந்தார்கள், வேறென்ன செய்வது என்பார். சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது நிலத்தில் அவர்களுடைய உயரத்துக்கு இறங்கி அமரவேண்டும் என்பதை அவரைப் பார்த்தே பழகினேன்.

மருதனார்மடம் கிறிஸ்தசேவா ஆச்சிரமத்தாருக்கும் நன்றி. 1939இல் தொடங்கிய அந்த ஆச்சிரமத்தின் அமைதியில்தான் என் அழைப்பைக் குறித்துத் தனியே ஜெபித்து முடிவெடுத்தேன். அறுவடை விழாவுக்கு விடியுமுன் வந்து அடுப்பு மூட்டும் மாமிமாருக்கும், என்னைச் சைக்கிளில் ஏற்றித் திரிந்த தம்பிமாருக்கும், பயணச் செலவுக்குப் பணம் அனுப்பிய லண்டன் சித்தப்பாவுக்கும் நன்றி. பக்கத்து வளவுச் சைவ அம்மா, நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்வந்த கையோடு எனக்காகவும் நேர்ந்துகொண்டதாகச் சொல்லி உச்சி முகர்ந்தார். அவருடைய அன்பைச் சொல்லாமல் இந்த மடல் நிறைவடையாது. அம்மா, அப்பா, உங்களுக்கு நேரில் சொல்கிறேன்.

ஒன்றை மனம் திறந்து எழுத வேண்டும். ஒலிவாங்கியும் மேடையும் கிடைத்தால்தான் ஊழியம் என்று என் வயதினர் பலர் நம்புவது எனக்குப் பெரும் கவலை தருகிறது. அவர்களிடம் ஆர்வம் நிறைய இருக்கிறது, கூட நடக்க ஒரு மூத்தவர்தான் இல்லை. பயிற்சிக்குப் போக விரும்பும் ஒவ்வொருவரையும் இப்படி ஒரு போதகரோடும் ஒரு ரீச்சரோடும் சில காலம் விட்டுவைக்குமாறு எங்கள் திருச்சபையின் ஆதீனத்தைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

முதியோரைச் சந்திக்கும் கொப்பியை வாலிபர் சங்கத் தம்பி ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறேன். யாருக்கு மருந்து எடுக்க வேண்டும், யாருக்குக் கடிதம் வாசிக்க வேண்டும் என்ற விபரமெல்லாம் அதில் இருக்கிறது. வாத்தியாரின் அரைக் கிண்ணத்தை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். முதல் சில கிழமைகள் யாராவது மூத்தவர் அந்தத் தம்பியுடன் கூடப் போங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் பிள்ளை