அப்ரண்டிஸ் நர்ஸின் மணிக்கணக்கு: என்.எச்.எஸ். தலைமைச் செவிலியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்ஸில், மருத்துவமனைகளை நடத்தும் டிரஸ்டுகளில் தலைமைச் செவிலியர்களாகவும் வார்டு மேலாளர்களாகவும் இருப்பவர்களுக்கு வணக்கம்.

வேலை பார்த்துச் சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டம் படிக்கும் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் வழியாக அடல்ட் நர்சிங் (பெரியவர்களுக்கான செவிலியர் பணி) படிக்கும் உங்கள் ஊழியர்களுக்காக ஒரே ஒரு கோரிக்கை. அவர்கள் விட்டுப் போகும் இடத்துக்கு ஆள் போட்டுவிட்டு அவர்களைப் பயிற்சிக்கு அனுப்புங்கள்.

கணக்கைப் பாருங்கள். செவிலியராகப் பதிவு பெற, பிரிட்டனின் செவிலியர் ஒழுங்குமுறை அமைப்பான என்.எம்.சி. கேட்பது 4,600 மணி நேரம்; பாதி பாடம், பாதி செய்முறை. நான்கு ஆண்டுப் படிப்பென்றால் ஆண்டுக்கு 1,150 மணி. வாரம் 37.5 மணி வேலை பார்ப்பவர், 27 நாள் விடுப்பும் 8 பொது விடுமுறையும் போக, ஆண்டில் ஏறத்தாழ 1,690 மணிதான் வேலைக்கு வருகிறார். படிப்புக்கான 1,150 போக மிச்சம் 540 மணி, அதாவது பதினான்கு வாரத்துக்குச் சற்று மேல். ஓர் அப்ரண்டிஸ் உங்கள் வார்டுக்கு உதவிப் பணியாளராகக் கிடைப்பது அவ்வளவுதான். ஆனால் பல வார்டு ரோஸ்டர்களில் (பணி அட்டவணைகளில்) அவர் இன்னமும் முழு ஆளாகவே இருக்கிறார். வாரம் ஒரு நாள் விட்டால் போதும் என்பது மற்ற அப்ரண்டிஸ்ஷிப்களைப் பார்த்து வந்த எண்ணம். நர்சிங்குக்கு அது கட்டாது.

ரோஸ்டர் இப்படி இருந்தால் என்ன ஆகும்? காலை எட்டு மணி மருந்துச் சுற்று. மூன்றாம் ஆண்டு அப்ரண்டிஸ் தன் மேற்பார்வையாளரோடு டிராலியைத் தள்ளிக்கொண்டு இரண்டாவது படுக்கைக்கு வந்திருக்கிறார். மருந்துச் சீட்டில் டைகாக்சின், இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து. நாடியை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்தி வைத்து டாக்டரைக் கேட்க வேண்டும். விரலை மணிக்கட்டில் வைத்த நேரத்தில், வார்டின் அந்தக் கோடியில் மனக்குழப்பத்தில் எழுந்து எழுந்து நடக்கும் முதியவரோடு இருக்க ஆளில்லை என்று கூப்பிடுகிறார்கள். போனவர் மதியம் வரை அங்கேயே. அந்த முதியவரோடு இருப்பதும் நர்சிங்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மேற்பார்வை இல்லாமல், ஆள் பற்றாக்குறையை அடைக்க உட்கார வைத்தால் அது பயிற்சியாகாது. செய்முறை நேரத்தில் மாணவர் ஊழியர் எண்ணிக்கையில் சேராத கூடுதல் ஆளாக இருக்க வேண்டும் என்பது என்.எம்.சி. விதி, சம்பளம் வாங்குகிறார் என்பதற்காக அப்ரண்டிஸுக்கு அது தளராது.

அன்றைய டைம்ஷீட்டில் 11.5 மணி என்று எழுதினால் பொய், எழுதாவிட்டால் கடன். செய்முறைக்கான 2,300 மணியை 11.5 மணி ஷிப்டாக வகுத்தால் சரியாக 200 ஷிப்ட். பத்தில் ஒன்று இப்படிப் போனாலும் கடைசியில் 20 ஷிப்ட் பாக்கி. கூடப் படித்தவர்கள் பேண்ட் 5, அதாவது புதிதாகப் பதிவு பெற்ற செவிலியரின் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகும் இவர் ஒன்றரை மாதம் கடன் அடைத்துக்கொண்டிருப்பார்.

சொந்த வார்டில்தான் இது அதிகம். நேற்று வரை படுக்கை மாற்றிய அதே ஆள், அதே சட்டை. யாரும் கெட்ட எண்ணத்தில் கூப்பிடுவதில்லை. கை பழக்கத்தில் கூப்பிடுகிறது. பயிற்சி நாளுக்கு வேறு நிறச் சட்டை கொடுங்கள், ரோஸ்டரில் தனிக் குறியீடு போடுங்கள், முதல் செய்முறைக் காலத்தை வேறு வார்டில் வையுங்கள். ஒரே மாணவருக்கு ஒருவரே மேற்பார்வையாளராகவும் மதிப்பீட்டாளராகவும் இருக்க முடியாது என்பதால் வார்டுக்கு இரண்டு பேராவது தயாராக வேண்டும். மதிப்பீட்டாளருக்கும் ரோஸ்டரில் நேரம் ஒதுக்குங்கள். ஷிப்ட் முடிந்து கோட்டு மாட்டிக்கொண்டே போடும் கையெழுத்து மதிப்பீடு ஆகாது.

பணம்தான் தடை என்பது தெரியும். ஆண்டுச் சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனம் அரசுக்குக் கட்டும் 0.5 சதவீத அப்ரண்டிஸ்ஷிப் லெவி, பயிற்சிக்கும் தேர்வுக்கும் மட்டுமே செல்லும். அப்ரண்டிஸின் சம்பளத்துக்கோ மாற்று ஆளுக்கோ அதில் ஒரு பென்னி எடுக்க முடியாது. 2020 ஆகஸ்டில் அரசு ஒவ்வொரு நர்சிங் அப்ரண்டிஸுக்கும் ஆண்டுக்கு 8,300 பவுண்டு தருவதாக அறிவித்தது இந்த ஓட்டையை அடைக்கத்தான். அப்படி வரும் பணம் எதுவானாலும் வார்டின் மாற்று ஆள் கணக்கில் சேருகிறதா என்று பாருங்கள்.

ஆள் தேர்விலும் ஒன்று. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ நர்சிங் முடித்துப் பதிவும் பெற்று, இங்கே உதவிப் பணியாளராக இருப்பவர் விண்ணப்பித்தால், நான்கு ஆண்டுப் படிப்பில் சேர்க்கும் முன் அவருடைய சான்றிதழ்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆங்கிலத் தகுதியைக் காட்டி, கணினித் தேர்வும் ஓஸ்கி எனும் செய்முறைத் தேர்வும் தேறினால் அவர் இங்கேயும் பதிவு பெறலாம். நர்சிங் அசோசியேட்டாக (உதவிப் பணியாளருக்கும் செவிலியருக்கும் இடைப்பட்ட பணி) பதிவு பெற்றவருக்கு முன்கற்றல் கழிவு உண்டு. பாதி மணி வரை குறைந்து இரண்டே ஆண்டில் முடிக்கலாம். ஆனால் அங்கும் ஆண்டுக்கு அதே 1,150 மணிதான்.

அடுத்த அணியைச் சேர்க்கும் முன், ஆள் ஒன்றுக்கு 1,150 மணிக்கான மாற்றுச் செலவை வார்டு பட்ஜெட்டில் தனி வரியாக எழுதுங்கள். ஐந்து பேருக்கு அந்த வரி எழுத முடியாவிட்டால் மூன்று பேரை எடுங்கள்.

இப்படிக்கு,
செவிலியர் பயிற்சியில் பணியாற்றுவோர்