ஐந்து நிமிடம் ஊறினால் அது கஷாயம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இதழில் சீனத் தேநீர் பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். குங்ஃபூ முறை (சண்டை இல்லை, சின்னக் கிண்ணத்தில் நிறைய இலை போட்டுப் பல தடவை வடிக்கிற சீன முறை) என்று தலைப்புப் போட்டுவிட்டு, இலையை ஐந்து நிமிடம் ஊறவிடவும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் குடித்துப் பார்த்தீர்களா? பெரிய கெட்டிலில் ஒரு சிட்டிகை போடுகிறவர்களுக்கு அது சரி. குங்ஃபூ முறையில் 100 மில்லி கிண்ணத்துக்கே 6, 7 கிராம் இலை போகும். ஐந்து நிமிடம் விட்டால் வேப்பங்கொழுந்து தோற்றுவிடும்.

நான் இதை யாங்கூனில் சீனர்கள் வாழும் லத்தா பகுதியில், பழகிய ஒரு ஹொக்கியன் (தென்சீன மொழி ஒன்று) பேசும் தாத்தாவிடம் கற்றுக்கொண்டேன். எல்லோரும் அவரை ஆ கோங் என்போம், அவர்கள் மொழியில் தாத்தா. அவருடைய பூர்வீகம் ஃபூஜியன், ஊலாங் தேயிலைக்கு (பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்டது) பேர்போன சீன மாகாணம். போன முதல் நாளே, ஒரு கடைக்காரர் யீஷிங் மண் (தேநீர்க் குடுவைக்குப் பேர்போன சீனக் களிமண்) என்று சத்தியம் பண்ணி விற்ற குடுவையைப் பெருமையாக நீட்டினேன். அவர் அதில் வெந்நீர் ஊற்றி முகர்ந்து பார்த்துவிட்டு, பூச்செடி வைக்கலாம் என்றார்.

அப்புறம் மூடி போட்ட ஒரு பீங்கான் கிண்ணத்தைக் கொடுத்தார். பெயர் கைவான். சீனத்தில் கை என்றால் மூடியாம், எனக்கு நம் கைதான் சுட்டது. விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, மூடியை லேசாகச் சாய்த்து, அந்த இடுக்கு வழியாக ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடிக்க வேண்டும். உள்ளே நீர் தங்கினால் அடுத்த தடவை கசப்புதான். கொதிநீரில் முதல் ஊற்று இலையைக் கழுவ மட்டும், உடனே கொட்டிவிட வேண்டும். இரண்டாவதைப் பத்துப் பதினைந்து வினாடியில் வடித்து, முதலில் ஒரு பொதுக் குவளைக்கு மாற்றி, அதிலிருந்து சின்னக் கிண்ணங்களுக்கு ஊற்றுகிறார்கள், ஒருவருக்குத் திடமாகவும் இன்னொருவருக்குத் தண்ணியாகவும் போகக் கூடாதே. அப்படியே சில வினாடிகள் கூட்டிக்கூட்டி ஆறேழு தடவை. மூன்றாவதில்தான் பூ மணம் எழும்பியது, எனக்கு அதுதான் பிடித்தது. (பச்சைத் தேயிலைக்கு இவ்வளவு சூடு கூடாது, கருகின மாதிரி ஆகிவிடும்.)

கண்டென்ஸ்டு மில்க் ஊற்றின லப்பெயே, அதாவது பர்மிய டீ, குடித்து வளர்ந்த நாக்கு இது, சர்க்கரை தேடத்தான் செய்தது. ஆனாலும் டீக்கடை மேசையில் சும்மா வைத்திருக்கிற ஃபிளாஸ்க் வெறுந்தேநீரையும் இப்போது முகர்ந்துவிட்டுத்தான் குடிக்கிறேன்.

இன்னொன்று. ஹொக்கியனில் தேநீருக்குப் பெயரே 'தே'. நம் தேயிலையில் இருக்கிற 'தே' அங்கிருந்து வந்ததுதான் என்று சொன்னதும் ஆ கோங் தமிழில் அதை மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

அந்த ஐந்து நிமிடத்தை அடுத்த வாரமே திருத்திப் போட்டுவிடுங்கள். என் மாமியார் உங்கள் குறிப்பைக் கத்தரித்து அடுப்படியில் ஒட்டிவைத்திருக்கிறார், நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார்.

ஒரு வாசகி, யாங்கூன்