படம் போடலாம், மடியில் கொடுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நீண்ட கார்ப் பயணத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டலாமா என்று யாராவது கேட்டால் போதும், பேச்சு உடனே பிள்ளை வளர்ப்பைப் பற்றியதாகிவிடுகிறது. 'ஜன்னலை வேடிக்கை பார்த்துக்கொண்டு வரட்டுமே' என்பார் ஒருவர். 'ஐந்து மணி நேர அழுகையைப் பின்னால் வைத்துக்கொண்டு நீங்கள் ஓட்டிப் பாருங்கள்' என்பார் இன்னொருவர். இந்த வாக்குவாதத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் காணாமல் போகின்றன. திரை எங்கே இருக்கிறது? பிள்ளைக்கு என்ன வயது? பயணத்தின் எந்தக் கட்டத்தில் படம் ஓடுகிறது? எப்படி நிறுத்துகிறோம்? வாந்தி, அழுகை, காயம் என்று காரில் படத்தால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இவற்றில் ஏதோ ஒன்றைக் கவனிக்காமல் விட்டதால் வருபவை.

வயதில் தொடங்குகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயதுக்குக் கீழே உட்கார்ந்து திரை பார்ப்பதைப் பரிந்துரைக்கவில்லை. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள், அதற்கும் குறைந்தால் நல்லது என்கிறது. எப்போதோ ஒரு நாள் ஏழு மணி நேரப் பயணத்தில் நான்கு வயதுப் பிள்ளை ஒன்றரை மணி நேரப் படம் பார்த்துவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஆனால் பத்து நிமிடப் பயணத்துக்கும் அதையே கொடுத்துப் பழக்கினால், கார்க் கதவைத் திறந்ததுமே பிள்ளை திரையைத் தேடும். நீண்ட பயணத்துக்கு என்று ஒதுக்கி வைத்தால்தான் அது நீண்ட பயணத்தில் உதவும்.

கைக்குழந்தைக்குத் திரையே தேவையில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பின்னோக்கிப் பொருத்திய இருக்கையில் உள்ள குழந்தை, பின்சீட்டின் சாய்மானத்தைப் பார்த்தபடி இருக்கும். அங்கே திரையை மாட்டினால், வண்டி எதிலாவது மோதும்போது கழன்றுகொள்ளும் திரை முன்பக்கமாகப் பறக்கும், அதாவது நேராகக் குழந்தையின் முகத்துக்கு.

அடுத்தது வாந்தி. பயணக் குமட்டல் 2 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம்தான் அதிகம். படம் காட்ட நினைக்கும் வயதும் அதுவே. உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு, வண்டி வளைவதையும் குலுங்குவதையும் பிரேக் பிடிப்பதையும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மடியில் கிடக்கும் திரையில் பதிந்த கண்ணோ, எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டு செய்திகளும் ஒத்துப்போகாதபோது குமட்டுகிறது. தலையைக் குனியும்போது ஜன்னல் முழுவதுமாகப் பார்வையிலிருந்து மறைந்துவிடுவதால் முரண்பாடு இன்னும் கூடுகிறது. அதே படத்தைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி முன்சீட்டின் பின்புறத்தில் வைத்தால், ஓரக்கண்ணில் சாலையும் நகரும் வெளிச்சமும் தெரியும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது போதாது என்றாலும், மடியில் வைத்துப் பார்ப்பதைவிட நிச்சயம் மேல்.

வாந்தி சொல்லாமல் வருவதில்லை. கலகலவென்று பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியாகும். அடிக்கடி கொட்டாவி விடும், எச்சில் விழுங்கும். முகம் வெளிறும், நெற்றி வியர்க்கும். பெரியவர்கள் இதைப் 'படத்தில் மூழ்கிவிட்டான்' என்று எடுத்துக்கொள்வதில்தான் தவறு நடக்கிறது. கொட்டாவியும் அமைதியும் சேர்ந்து வந்தால் உடனே திரையை அணைத்து, ஜன்னலைத் திறந்து, தொலைவில் அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியை ஓரங்கட்ட முடிந்தால் இன்னும் நல்லது. குமட்டல் தொடங்கிய பிறகு 'இன்னும் பத்து நிமிடம்தானே, முடிந்துவிடட்டும்' என்று விட்டால் அந்தப் பயணம் முழுவதும் சரியாகாது. மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவு, மேடு பள்ளமான சாலை ஆகியவற்றில் திரையே வேண்டாம். நேரான நெடுஞ்சாலைதான் படத்துக்கு ஏற்ற இடம். கேமரா ஓயாமல் ஓடும், சுழலும் துரத்தல் காட்சிகள் வண்டி நின்றிருக்கும்போதே சிலருக்குத் தலைசுற்றலைத் தரும். ஓடும் வண்டியில் கேட்கவே வேண்டாம். ஏற்கெனவே குமட்டல் வரும் பிள்ளை என்று தெரிந்தால், முதலில் பதினைந்து நிமிடம் மட்டும் போட்டு நிறுத்தி, எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகே மீதியைப் போடுங்கள்.

திரையை மாட்டுவதைத்தான் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி நின்றால், உள்ளே கட்டப்படாத பொருள் அதே வேகத்தில் முன்னே போகும். சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடி அளவு உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகம் அது. அரை கிலோ எடையுள்ள டேப்லெட் மூன்றாவது மாடியிலிருந்து ஒருவர் தலையில் விழுவதை நினைத்துப் பாருங்கள். பிள்ளையின் கையிலோ மடியிலோ இருக்கும் டேப்லெட் மோதலின்போது அப்படித்தான் முன்சீட்டில் இருப்பவரை நோக்கிப் போகும்.

ஆகவே ஹோல்டர் தேவை. அதிலும் ஹெட்ரெஸ்டின் இரண்டு கம்பிகளையும் பற்றித் திருகி இறுக்கும் வகைதான் நம்பகமானது. கண்ணாடியில் ஒட்டும் உறிஞ்சுவகை ஹோல்டர் வெயிலில் பிடி தளர்ந்து விழும். பாம்பு போல் வளையும் நீளக் கம்பி ஹோல்டரில் திரை ஓயாமல் ஆடும். ஆடும் எழுத்தையும் முகத்தையும் பார்ப்பதே கண்ணுக்கு வலி, குமட்டலுக்கும் அழைப்பு. மாட்டியதும் இரண்டு கையாலும் பிடித்து நன்றாக உலுக்கிப் பாருங்கள். ஹோல்டர் அசைந்தாலோ, டேப்லெட் அதன் பிடியிலிருந்து நழுவினாலோ அது பயணத்துக்கு ஆகாது. பிள்ளை நன்றாகப் பார்க்கட்டும் என்று திரையை அருகே இழுத்து வைப்பது இன்னொரு பிழை. முன்னோக்கி அமர்ந்த பிள்ளையின் தலை, பெல்ட் போட்டிருந்தாலும் மோதலில் வெகுவாக முன்னே வரும். திரை முன்சீட்டின் பின்புறத்தை ஒட்டியே இருக்க வேண்டும். திரை எட்டவில்லை என்று பிள்ளை முன்னால் சாய்கிறதா, தோள் பட்டையை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடுகிறதா என்றும் பாருங்கள். அப்படிச் செய்தால் படத்தை நிறுத்துங்கள். 'பட்டை சரியாக இருந்தால்தான் படம்' என்ற விதி மூன்று வயதுக்கும் புரியும்.

ஹெட்ஃபோன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஓடும் காரில் டயர் ஓசையும் காற்றோசையும் இருந்துகொண்டே இருப்பதால், வீட்டில் போதுமான ஒலி காரில் கேட்காது. பிள்ளை கூட்டிக்கொண்டே போகும். குழந்தைகளுக்கு 75 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் வரை கேட்பது பாதுகாப்பானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். குழந்தைகளுக்கானது என்று விற்கும் ஹெட்ஃபோன்கள் பல 85 டெசிபலில்தான் கட்டுப்படுத்துகின்றன. ஆக, பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் டேப்லெட்டின் அமைப்பிலும் ஒலி வரம்பை வையுங்கள். காதை முழுவதும் மூடும் வகை வெளிச்சத்தத்தைக் குறைப்பதால் குறைந்த ஒலியே போதும். மூன்று வயதுக்குக் கீழே கம்பி உள்ள எதுவும் வேண்டாம், கழுத்தில் சுற்றும். தூங்கிவிட்டால் உடனே கழற்றிவிடுங்கள்.

மின்சாரத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். சார்ஜில் போட்டிருந்தும் டேப்லெட் அணைந்துபோவது ஏன்? பழைய கார்களின் யுஎஸ்பி துளை பெரும்பாலும் 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட்தான் தரும். படம் ஓடும் டேப்லெட் அதைவிட அதிகம் தின்னும். 12 வோல்ட் துளையில் செருகும் 18 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட சார்ஜர் இதைத் தீர்க்கும். கேபிள் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளம் இருக்கட்டும். அதை முன்சீட்டின் பக்கவாட்டில் ஒட்டிக் கொண்டுபோய், பிள்ளையின் கைக்கும் ஓட்டுநரின் காலுக்கும் எட்டாமல் விடுங்கள். நேரடி வெயில், முழு வெளிச்சம், சார்ஜிங் மூன்றும் சேர்ந்தால் கருவி சூடாகித் தானே அணைந்துவிடும். பல டேப்லெட்டுகள் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்காகவே செய்யப்பட்டவை. ஜன்னலுக்குத் திரைச்சீலை போடுங்கள். சாப்பிட நிறுத்தும்போது கருவியை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிட்டுப் போக வேண்டாம். பேட்டரிக்கு அது கேடு.

படத்தை முந்தைய நாளே டவுன்லோடு செய்து, டேப்லெட்டை விமானப் பயன்முறையில் போட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். டவுன்லோடு ஆனதாகக் காட்டும் சில படங்கள் இணையம் இல்லாதபோது உரிமம் சரிபார்க்க முடியாமல் திறக்க மறுக்கும். பல செயலிகளில் டவுன்லோடுக்குக் காலாவதியும் உண்டு, ஊருக்குப் போகும்போது பார்த்த படம் திரும்பும்போது ஓடாமல் போகலாம். அடுத்த படம் தானாகத் தொடங்கும் வசதியை அணைத்து வையுங்கள். ஒரே செயலியில் திரையைப் பூட்டும் வசதி ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் உண்டு. போட்டுவிட்டால் பிள்ளை எதையோ தொட்டு, படம் போய், ஓட்டுநரைக் கூப்பிடும் நிலை வராது.

அந்தக் கூப்பாடுதான் இருப்பவற்றில் ஆகப் பெரிய ஆபத்து. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. பின்னால் திரும்பி மூன்று நொடி பார்த்தால் 66 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகத்தான் அர்த்தம். விழுந்த ஹெட்ஃபோனை வண்டி நிற்கும் வரை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று கிளம்பும் முன்பே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். பெரியவர் இன்னொருவர் பின்சீட்டில் இல்லாமல் ஓட்டுநர் மட்டும் பிள்ளையோடு போகும் பயணத்தில், படத்தைப் போடுவதும் மாற்றுவதும் வண்டி நிற்கும்போது மட்டும்தான். டேஷ்போர்டு திரையில் படம் ஓடாதபடி ஹேண்ட் பிரேக்கோடு இணைத்த பூட்டை, 'பிள்ளை பார்க்கட்டும்' என்று வயரை மாற்றி உடைக்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், செய்து தரும் கடைகளும் மறுக்க வேண்டும். ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும் படம், ஓட்டுநரும் பார்க்கும் படம். இரவில் பின்சீட்டுத் திரையின் வெளிச்சம்கூட உள்கண்ணாடியில் பட்டுக் கூசும். பொழுது சாய்ந்ததும் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

எப்போது போடுவது? கிளம்பியதும் போடாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் புதிய சாலையும் பேச்சும் கையிலிருக்கும் பொம்மையுமே போதும். படத்தை அப்போதே செலவழித்துவிட்டால், களைப்பு மிகுந்த கடைசிப் பகுதிக்கு ஒன்றும் மிஞ்சாது. முதல் இடைநிறுத்தத்துக்குப் பிறகோ, நெரிசலில் சிக்கியபோதோ போடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி ஓடியாட விட்டே ஆக வேண்டும், படம் பாதியில் இருந்தாலும். பிள்ளை அமைதியாக இருப்பதால் பெற்றோர் நிறுத்தாமலே ஓட்டிவிடுவது படத்தின் மறைமுகக் கேடு: தண்ணீர் குடிப்பதில்லை, சிறுநீரை அடக்கிக்கொள்கிறது, கால் மரத்துப்போகிறது.

பாதியில் பிடுங்கினால் எந்தப் பிள்ளையும் அழும். ஐந்து வயதுக்குக் கீழே 'இன்னும் பத்து நிமிடம்' என்பதற்குப் பொருள் இல்லை. 'இந்தக் கதை முடிந்ததும்' என்றால் புரியும். அதனால் சிறியவர்களுக்கு முழுப் படத்தைவிட ஏழு முதல் இருபது நிமிடக் கதைகள் வசதி. முடிந்த உடனே அடுத்து என்ன என்பதைத் தயாராக வைத்திருங்கள்: தின்பண்டமோ, இறங்கும் இடமோ, ஒரு பாட்டோ. படம் ஏற்கெனவே பார்த்ததாக இருப்பது நல்லது. ஹெட்ஃபோனோடு தனியே பார்க்கும் பிள்ளை எந்தக் காட்சியில் பயந்தது என்பது முன்சீட்டுக்குத் தெரியாது. பழகிய கதையில் அந்தக் கவலை குறைவு.

திரையே ஆகாத பிள்ளைகளுக்கு ஒலிக்கதை இருக்கிறது. கண் ஜன்னலில் இருக்க, காது கதையில் இருப்பதால் குமட்டல் தூண்டப்படுவதில்லை. வண்டியின் ஸ்பீக்கரில் போட்டால் எல்லோரும் சேர்ந்து கேட்கலாம், நடுவில் நிறுத்தி 'அடுத்து என்ன ஆகும்?' என்று கேட்கலாம். பலர் இதை முயன்றுகூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக் காலப் பயணக் கட்டுரைகளோடு பத்திரிகைகளில் வரும் படங்களில், பெல்ட் போடாத பிள்ளை மடியில் டேப்லெட்டோடு சிரிக்கும் காட்சியைப் பார்க்க நேர்கிறது. அந்த இடத்தில், தோள் பட்டை சரியாக இருக்க, திரை முன்சீட்டின் பின்புறத்தில் இறுக்கமாக மாட்டியிருக்கும் படம் ஒன்றைப் போடுங்கள். அடுத்த வாரம் கிளம்பும் குடும்பம் ஒன்று அதைப் பார்த்து ஹோல்டரைத் திருகி இறுக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்