தொடக்கப் பள்ளிப் பணி வாராவாரம் நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வசதி குறைந்த பகுதிகளின் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்காகக் கல்லூரிகள் நடத்தும் நிகழ்ச்சிகள் பல, ஒரே நாளில் முடிந்துவிடுகின்றன. பேருந்தில் அழைத்து வருகிறார்கள், வளாகத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள், பையும் பென்சிலும் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அதே கல்லூரி மாணவர்கள் அதே குழந்தைகளிடம் வாரம் 2 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், ஆண்டு முழுக்கப் போய்வந்தால் பலன் உண்டு.

முதல் வாரம் பாடமே வேண்டாம். ஒவ்வொரு குழந்தையையும் மற்றவர் காதில் விழாத தூரத்தில் உட்காரவைத்து, 5 நிமிடம் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்: எழுத்து, சொல், நான்கு வரிப் பத்தி, சிறு கதை. பாடநூலிலிருந்து எடுத்தால் பயனில்லை. விரல் ஒரு வரியில் இருக்க, வாய் வேறு வரியை ஒப்பித்துக்கொண்டிருக்கும். பிறகு எந்த வகுப்பு என்று பார்க்காமல், எங்கே தடுக்கிறது என்று பார்த்துக் குழு பிரிக்க வேண்டும். கல்வித் தொண்டு நிறுவனமான பிரதம் பல ஆண்டுகளாகக் கையாளும் முறை இது. 2019-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரின் கள ஆய்வுகளும் இதன் பலனைக் காட்டின. 8 குழந்தைகளுக்கு 2 மாணவர் இருந்தால், ஒருவர் வராத நாளிலும் குழு கலையாது.

பிழை எப்படி வந்தது என்று பார்க்கத் தெரிவதுதான் மாணவர்களுக்குத் தர வேண்டிய முதல் பயிற்சி. 'கொடி' என்பதை ஒரு குழந்தை 'கெரடி' என்று படிக்கும். ஒற்றைக் கொம்பையும் ககரத்தையும் சேர்த்து 'கெ' என்று சரியாகவே படித்துவிட்டு, பின்னால் நிற்கும் காலை 'ர' என்று எடுத்துக்கொள்கிறது. 'கொடி' என்று நாம் சொல்லிக்கொடுத்தால் அந்த ஒரு சொல் மட்டும் திருந்தும். 'கொ' என்று அட்டையில் பெரிதாக எழுதி, காலை விரலால் மறைத்து ஒரு முறை, திறந்து ஒரு முறை படிக்கவைக்க வேண்டும். அடுத்து சொ, தொ, பொ.

கணக்கிலும் இப்படித்தான். 52-இலிருந்து 27 போனால் 35 என்று எழுதும் குழந்தை கவனக்குறைவாக இல்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. பத்துப் பத்தாகக் கட்டிய 5 குச்சிக்கட்டுகளையும் 2 உதிரிக் குச்சிகளையும் கையில் கொடுத்து, 27 கேளுங்கள். 7 உதிரி கொடுக்க வழியில்லாமல் அதுவே ஒரு கட்டைப் பிரிக்கும். அதற்குப் பிறகு தாளில் கடன் வாங்கச் சொல்லலாம்.

இந்தப் பணிகள் பெரும்பாலும் நின்றுபோவது கல்லூரியின் பருவத் தேர்வு நேரத்தில். வராத வாரங்களை முன்கூட்டியே குழந்தைகளிடம் சொல்லி, பள்ளி நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும். சொல்லாமல் நின்றால், தாங்கள் சரியாகப் படிக்காததால்தான் அண்ணன், அக்கா வரவில்லை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும். இறுதியாண்டு மாணவரிடம் பொறுப்பை ஒப்படைத்தால் அவரோடு பணியும் போய்விடும். இரண்டாம் ஆண்டு மாணவர் நடத்தட்டும், முதலாண்டு மாணவர் உடனிருந்து பழகட்டும்.

எந்த மாணவரும் ஒரு குழந்தையோடு தனியறையில் இருக்கக் கூடாது. பள்ளி ஆசிரியர் ஒருவர் பார்வையில் இருக்க வேண்டும். பெற்றோரின் ஒப்புதலைப் படிவத்தில் வாங்கினால் போதாது, அதை அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். குழந்தைகளின் முகம் தெரியும் படங்கள் எங்கும் வெளியாகக் கூடாது. இன்ன சமூகத்துப் பிள்ளைகள் எழுந்து வாருங்கள் என்று வகுப்பில் கூப்பிடுவதும், 'ஏழைக் குழந்தைகளுக்கு' என்று பேனர் கட்டுவதும் அவர்களை இழிவுபடுத்தும் செயல்கள். முழு வகுப்பையும் சேர்த்துக்கொண்டால் இந்தச் சிக்கலே எழாது.

இந்த இரண்டு மணி நேரத்தைக் கல்லூரிகள் கால அட்டவணையிலேயே ஒதுக்கி, மதிப்பெண்ணும் தர வேண்டும். ஆண்டு முடிவில், முதல் வாரம் வைத்த அதே வகைச் சோதனையைப் புதிய பத்தி, புதிய கதையுடன் வைத்து, குழந்தைவாரியான முடிவை வகுப்பாசிரியர் கையில் கொடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு எங்கே தொடங்குவது என்பது அதில் இருக்கிறது.

இப்படிக்கு,
தொடக்கக் கல்விப் பயிற்றுநர்கள் சிலர்